மண் தெரியாத கடலைச்செடி

என் கிரேஸ் அக்காவுக்கு,

கூப்பிட்டால் "இன்னாடி" என்று எரிந்து விழுவாய். ஆனால் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பாய். அந்த அக்காவுக்கு உன் மெர்சி எழுதுகிறேன். நீ இல்லாமல் ஒரு கடலைப் பருவம் முழுதாக முடிந்துவிட்டது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சேர்த்து வைத்த சேதிகள் நிறைய இருக்கின்றன.

இந்த வருடமும் விதைத்தோம். திருப்பதிக்கு வெளியே அதே பண்ணை, அதே செம்மண். நம் சித்தூர்ப் பக்கத்துக்கு வேர்க்கடலைதான் பழக்கம். கொண்டைக்கடலை கர்னூல் பக்கத்துக் கரிசலில் விளைவது. இந்த மண்ணில் அது வருமா, வந்தால் எந்த ரகம் வரும் என்று பார்ப்பதற்காகத்தான் நம் இரண்டு பேரையும் ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். நீ செடியைப் பார்த்துச் சொல்வாய். நான் பின்னால் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு பதிவேன். இப்போது பார்ப்பதும் நான், பதிவதும் நான்.

செடியை அளக்கும்போதெல்லாம் உன் குரல்தான் வருகிறது. உயரம், பூ வந்த நாள், பூவின் நிறம், தரையிலிருந்து முதல் காய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஒரு செடியில் எத்தனை காய், வாடல் நோய் தொட்டதா இல்லையா. மற்றவர்கள் எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போவார்கள். நீ மட்டும் ஆளைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொல்வாய். "இவன் நெஞ்ச நிமித்திக்கினு நிக்கிறான், ஆனா காய் இல்ல, வெறும் பவுசு." "இது பாரு, இலை எல்லாம் ஒத்தை ஒத்தையா, கூட்டுக்குடும்பம் புடிக்காது போல." நான் சிரித்தால், "சிரிக்காத, நம்பரைப் போடு" என்பாய்.

ஒரு ரகத்தை மட்டும் நீ கேலி செய்ததில்லை. பன்னிரண்டாம் பாத்தி. தரையோடு படரும் வகை. ரோஜா நிறப் பூ, சின்ன மணி, ஆனால் காய் கொட்டிக் கிடக்கும். பக்கத்துப் பாத்தியில் செடிகள் வாடி விழுந்தபோதும் அது அசையவில்லை. படர்ந்து மண்ணை மூடிக்கொள்வதால் ஈரம் சீக்கிரம் காயாது. "மெர்சி, நம்ம ஊரு மண்ணுக்கு இதுதான்டி" என்று நீ சொன்னபோது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, நீ சர்ச் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அந்தக் கீழ்க்குரல், பாடும்போது மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாத்தியில்தான் அது நடந்தது.

கடலை இலையில் காலையில் புளிப்புத் தண்ணீர் நிற்கும். கையில் பட்டால் அரிக்கும், கீறலில் பட்டால் எரியும். இதைத் தெரியாத பெண் பண்ணையில் கிடையாது. எல்லோரும் காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் இறங்குவார்கள். நைனாவின் பழைய சட்டையைச் சுடிதார் மேல் போட்டுக்கொண்டு நீ குனிந்து காய் எண்ணிக்கொண்டிருந்தாய். சட்டென்று காலை உதறினாய்.

"என்னக்கா?"

"கட்டை குத்திச்சி. அப்பால இந்தப் புளிப்புத் தண்ணி பட்டுக்கினு எரியுது. நீ நம்பரைப் போடு."

கணுக்காலுக்கு மேலே ஒரு சின்னக் கீறல் இருந்தது. நீ எச்சிலைத் தொட்டு வைத்துக்கொண்டாய். மத்தியானம் பந்தலில் எல்லோரோடும் உட்கார்ந்து சோறு தின்றாய். கால் வீங்கியிருந்தது. கூலிக்குக் காய் பறிக்க வருகிற மங்கம்மா பார்த்துவிட்டு, "இன்னாம்மா கால் இப்டி ஆயிடுச்சி, ஆஸ்பத்திரிக்குப் போய் காட்டு" என்றாள். "எரிச்சல்தான், எனக்கு இன்னா புதுசா" என்றாய். சாயங்காலம் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் சிவப்பாக விழுந்தது. அப்போதுதான் ஆட்டோவுக்கு ஓடினோம்.

சுருட்டை விரியன் என்றார்கள். ஒரு முழ நீளம் இருக்கும், அவ்வளவுதான். மண் நிறத்திலேயே சுருண்டு, படர்ந்த செடிக்கு அடியில் குளிர்ச்சிக்குப் படுத்திருக்கும். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். முதலில் நீ பேசினாய். மறுநாள் தலை வலிக்கிறது என்றாய். அதற்குள் மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்று டாக்டர் வெளியே வந்து தெலுங்கில் நைனாவிடம் சொன்னார். நைனாவுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என்னைப் பார்த்து, "இன்னா சொல்றாரு, இன்னா சொல்றாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் தமிழில் எப்படிச் சொல்ல முடியும் அக்கா?

உன்னைச் சித்தூரில், அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்தோம். பண்ணையிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். நம் கோயிலுக்குள் அதுவரை வராதவர்கள், செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வரிசையாகப் பின்னால் நின்றார்கள். உன் குழுவே பாடியது. ஆல்ட்டோ குரல் இல்லாத பாட்டு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். நடுவில் கொஞ்சம் தரை இல்லாத மாதிரி இருந்தது.

நைனாவைப் பற்றிக் கேட்பாய். தன் தையல் மெஷினை விற்கவும் இல்லை, மிதிக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கல்லறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். கிறிஸ்துமஸ் அன்றைக்கு எதிர்வீட்டுக்காரர்கள் பலகாரத்தோடு கடலைச் சுண்டலும் கொண்டுவந்தார்கள். மூடியைத் திறந்து பார்த்தவர், அப்படியே வெளியே எடுத்துக்கொண்டு போய்த் தெருக்கோடியில் கொட்டினார். திரும்பி வந்து, "நீ இன்னும் அந்தக் கொல்லைக்குத்தான் போய்க்கினு இருக்கியா?" என்றார். நான் ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. நான் எழுந்த பிறகுதான் தட்டை எடுக்கிறார்.

ஏன் போகிறேன் என்று நீயாவது கேட்கமாட்டாய். வேறு என்ன வேலை எனக்குத் தெரியும்?

இந்த வருடம் பன்னிரண்டாம் பாத்தியின் முன்னால் முதல் தடவை நின்றபோது முதலில் ஒரு குச்சியைத் தேடி எடுத்தேன். குச்சியால் செடியை விலக்கிப் பார்த்தேன். அடியில் மண்ணே தெரியவில்லை. அளந்தேன். போன வருடத்தைவிட அதிகக் காய். வாடல் ஒரு செடியில்கூட இல்லை. அந்த எண்ணைக் குறைத்துப் போட வேண்டும் என்று கை துடித்தது அக்கா. குறைத்துப் போட்டால் அந்த ரகம் அங்கேயே நின்றுபோகும், யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளதைப் போட்டேன். உன்மேல் இருக்கிற மரியாதையால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், தப்பான எண் போட்டால் நீ எப்படித் திட்டுவாய் என்று காதில் கேட்டது. அதுதான் காரணம்.

குறிப்பு எழுதுகிற இடத்தில் மட்டும், படரும் ரகம் ஒவ்வொன்றுக்கும் "செடிக்கு அடியில் மண் தெரியவில்லை" என்று எழுதினேன். நிமிர்ந்து நிற்கும் ரகங்களுக்கு "மண் தெரிகிறது" என்று எழுதினேன்.

பண்ணையை நடத்துகிற சார் அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். உனக்குத் தெரியுமே, அவர் கெட்டவர் இல்லை. உன் பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். "இதேன்ட்டம்மா மெர்சி? நாம பாக்கிற குணங்கள் லிஸ்ட்ல இது லேது" என்றார்.

"இல்லைனா சேத்துக்கலாம் சார். காய் பறிக்கிறவங்களுக்கு முதல்ல மண்ணுதான் தெரியணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நுவ்வு சொல்றது எனக்கு அர்த்தம் ஆகுது. ஆனா மேல இருக்கிறவங்க எவரும் ஒத்துக்க மாட்டாங்கம்மா. பூட்ஸ் கேட்டு எழுதறேன்" என்றார். எழுதவும் செய்தார். பூட்ஸ் வந்தது. எல்லாம் ஆண்கள் அளவு. மங்கம்மா போட்டுக்கொண்டு நாலு பாத்தி நடந்தாள். உள்ளே கால் வழுக்கி, செடிமேலேயே விழுந்தாள். இப்போது அவை ஸ்டோர் ரூமில் வரிசையாக நிற்கின்றன.

பிறகு வயல் நாள் வந்தது. சுற்று ஊர்களிலிருந்து விவசாயிகள் வந்து பிடித்த ரகத்துக்கு ரிப்பன் கட்டினார்கள். நீ இருந்திருந்தால் எவ்வளவு பேசியிருப்பாய். ஆண்களில் முக்கால்வாசிப் பேர் பன்னிரண்டில் கட்டினார்கள். சில பேர் நிமிர்ந்து நிற்கும் நாலாம் பாத்தியில், அது மிஷினில் அறுக்கத் தோது என்று. பெண்களையும் கட்டச் சொன்னார் சார். மங்கம்மா ரிப்பனைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ எதும்மா எடுப்ப?" என்று நான் கேட்டேன்.

"அது நிமிந்து நின்னா மிஷினு வரும், எங்களுக்குக் கூலி பூடும். இது படுத்துக்கினா அடியில பாம்பு வரும். இதுல எது வோணும்னு எங்களைக் கேக்கறியே, உனுக்கே நல்லா இருக்கா?"

அவள் ரிப்பனை எதிலும் கட்டவில்லை. என் கையில் கொடுத்துவிட்டுப் பந்தலுக்குப் போய்விட்டாள். நீ என்ன சொல்லியிருப்பாய் அக்கா? உனக்கு எப்போதும் ஒரு பதில் இருக்கும்.

கடைசியில் பன்னிரண்டைத்தான் எடுத்தார்கள். எண்கள் அதைத்தான் சொல்லின. நான் போட்ட எண்கள். கூட்டம் முடிந்ததும் சார் என்னைத் தனியே அழைத்து, ரகத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, பண்ணையில் எல்லோரும் ஏற்கெனவே "கிரேஸம்மா சனகா", கிரேஸம்மா கடலை, என்றுதான் சொல்கிறார்கள், மேலே எழுதும்போது உன் பெயரையே சேர்க்கலாமா என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருப்பார்.

"வேணாம் சார்."

"ஏம்மா?"

"நைனா இன்னும் உசுரோட இருக்காரு சார். கடையில மூட்டை மேல அவ பேரைப் பாத்தா அவரு தாங்கமாட்டாரு. நானும் தாங்கமாட்டேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு எங்கோ பார்த்தார். செடி உன்னைக் கொல்லவில்லை, எனக்குத் தெரியும். பாம்புக்கும் உன்மேல் கோபம் இல்லை. ஆனாலும் அந்தப் பெயரை அதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீ இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாயோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கேட்கவும் வழியில்லை.

போன வாரம் கடைசி அறுப்பு. மங்கம்மா செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தவள் காலைத் தேய்த்தாள். "எரியுது" என்றாள். எல்லோரும் எப்போதும் சொல்கிற சொல்தான். நான் டேப்லெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அவளை வரப்பில் உட்காரவைத்தேன், அறுப்பை நிறுத்தச் சொன்னேன், ஆட்டோவை வரவழைத்தேன். "புளிப்புதாம்மா, விடும்மா, கூலி போய்டும்" என்று அவள் கத்திக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசைமேல் வைத்தார்கள். விஷம் ஏறியிருந்தால் உறையாது, தண்ணீராகவே நிற்கும் என்றாள் நர்ஸ். கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்திருந்து சாய்த்துப் பார்ப்பார்களாம்.

அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், நானும் மங்கம்மாவும். நர்ஸ் வந்து சாய்த்தாள். ரத்தம் நகரவில்லை. கெட்டியாக உறைந்திருந்தது. வெறும் புளிப்புத் தண்ணீர்தான்.

மங்கம்மா என்னைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். முந்தானையால் என் கண்ணைத் துடைத்து, "ஏட்வொத்து தல்லி, அழாத" என்றாள். அரை நாள் அறுப்பு நின்றதற்குச் சார் முகத்தைச் சுளித்தார். அவளுக்கு அரைக்கூலிதான் வந்தது.

அடுத்த பருவம் பன்னிரண்டாம் ரகத்தைக் குப்பம் டவுனுக்கு அந்தப்பக்கம், குடுபல்லியில் விவசாயிகள் நிலத்தில் பெரிதாகப் போடப்போகிறார்கள். என்னைத்தான் அனுப்புகிறார்கள். நைனாவிடம் நேற்றுச் சொன்னேன். "அங்க ஆஸ்பத்திரி எவ்ளோ தூரம்?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். தன் தட்டை எடுத்துவந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

அக்கா, குடுபல்லியில் அந்தச் செடியைத் தொடப்போகிற பெண்கள் யாரையும் எனக்கு இன்னும் தெரியாது. பெயர்கூடத் தெரியாது. ஆனால் அவர்களில் ஒருத்தி எரிகிறது என்று சொன்னால், அது நூறாவது தடவையாக இருந்தாலும், எத்தனை பேர் முகம் சுளித்தாலும், அறுப்பு நிற்கும். நான் நிறுத்துவேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவள், இனி உனக்காகவும் சேர்த்துக் குனிகிறவள்,
மெர்சி