பிளம்பர் என்று நீங்கள் பதிந்து வைத்த எண்

என் அன்பு அப்பாவுக்கு,

எட்டு மாதம் பிந்தி எழுதுகிறேன். உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தா என்று எல்லோரும் கேட்டபோது எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. கடைசியில் "அமைதியான மனிதர், வேலையும் வீடும் தவிர வேறொன்றும் அறியாதவர்" என்று யாரோ எழுதியதற்குக் கீழே என் பெயரைப் போட்டார்கள். நானும் சரி என்று தலையாட்டினேன்.

அது எவ்வளவு பெரிய பொய் என்று போன கிழமைதான் தெரிந்தது.

மாயாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. டேகேரில் விட்டுவிட்டு வந்து நான் பார்க்கிங்கில் பத்து நிமிடம் காருக்குள் இருப்பது இப்போதும் நிற்கவில்லை. அழுதால் கூப்பிடுவார்களா, மூச்சு முட்டினால் பார்ப்பார்களா என்று. "உன்ர பயம் எங்கயிருந்து வந்தது பிள்ளை?" என்று நீங்கள் கேட்டுச் சிரிப்பீர்களே. எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

போன சனிக்கிழமை காலை, மாயா தன் பொம்மைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். பொம்மை வாய் திறக்கவில்லையாம். "உன் போக்கீத்தோ மாஸ், மி ரெய்னா" என்று கெஞ்சினாள். இன்னும் கொஞ்சம், என் ராசாத்தி. சுத்தமான ஸ்பானிஷ்.

"ஆர் குஞ்சு உனக்கு உது சொல்லித் தந்தது? டேகேர்லயோ?"

"நோ அம்மா. அம்மப்பா. ஹீ செட் இட்ஸ் அவர் சீக்ரெட்."

நான்கு மாதம் தென் அமெரிக்காவின் எக்குவடோரில் ஒரு வீட்டில் தங்கி ஸ்பானிஷ் படித்தவள் நான். எனக்கே அந்தச் சொல்லை அங்கே ஒரே ஒருவர்தான் சொன்னா. உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஞாபகம் இருக்கிறதா, அந்தச் சண்டை? எனக்கு இருபது வயது. கொலிஜில் ஸ்பானிஷ் படித்தவர்களை அங்கே குடும்பங்களோடு தங்கவைத்துப் பேசப் பழக்கும் ஒரு ஏற்பாடு. குவென்கா என்ற மலை நகரம். நீங்கள் சம்மதிக்க மறுத்தீர்கள். "ஸ்பெயினுக்குப் போ. மெக்சிக்கோவுக்குப் போ. அந்த நாடு மட்டும் வேண்டாம்." ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. பெண்பிள்ளை, அந்நியர் வீடு, அதுதான் காரணம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். சாப்பாட்டு மேசையில் வைத்து, அம்மாவுக்கு முன்னால், சொன்னேன்: "கனடா வந்து ஸ்காபரோவுக்கும் பக்டரிக்கும் இடையில மட்டும் வாழ்ந்த ஆள் நீங்கள். உங்களுக்கு உலகம் தெரியாது அப்பா."

நீங்கள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கோபப்படவுமில்லை. நான் புறப்பட்ட அன்று எயார்போட்டுக்கு வரவுமில்லை. நான் தங்கப்போகும் வீட்டு முகவரியை மட்டும் பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தீர்கள்.

குவென்காவில் எனக்கு வீடு தந்த லூசியா அன்ரியை நான் அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். மரியாதைக்கு வேறு சொல் எனக்கு வரவில்லை. அவ மத்தியானம் சூப்தான் முதலில் தருவா, சோறு பிறகு. நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனால் அலறுவா. "சளி பிடிக்கப் போகுது! உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?" என் காலடியில் செருப்பைத் தள்ளிவிடுவா. சப்பாத்தோடு வீட்டுக்குள் நடக்க எனக்குக் கூச்சம். வெறுங்காலோடு நான் நடப்பதைப் பார்க்க அவவுக்குப் பயம். கடைசிவரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒருநாள் தட்டில் வாழைக்காய் வந்தது. பொரித்து, தட்டி நசித்து, திரும்பவும் பொரித்தது. நான் திகைத்துப் போனேன். அது உங்கள் சமையல்! "உது என்ன உது, வாழைக்காயை அடிச்சுக் கொல்லுறியள்" என்று அம்மா உங்களைப் பகிடி பண்ணுவாவே, அதேதான். உடனே போன் எடுத்தேன். "அப்பா, இங்கயும் உங்கட மாதிரியே செய்யினம்!" நீங்கள் கேட்டீர்கள்: "உப்புத் தண்ணியில ஊறப் போட்டவையோ?"

அந்த நான்கு மாதத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒரு அம்மா வந்தா. அறுபது வயது இருக்கும். கையில் ஒரு சீப்பு பச்சை வாழைக்காய். பக்கத்து வீட்டுக்காரரின் சொந்தம் என்றா லூசியா அன்ரி. அந்த அம்மா எனக்கு எதிரே இருந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தா. "இன்னும் கொஞ்சம், மி ரெய்னா" என்று என் தட்டில் சோற்றை அள்ளிப் போட்டா. என் கன்னத்தைத் தடவினா. அன்று மாலையே போய்விட்டா. அன்பான ஊர் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மாயா சொன்னதைக் கேட்டதும் அவளைத் தூக்கிக்கொண்டு பிக்கரிங்கிலிருந்து ஸ்காபரோவில் அம்மா வீட்டுக்கு ஓடினேன். அம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா.

"அம்மா, அப்பாவுக்கு ஸ்பானிஷ் தெரியுமோ?"

கத்தி நின்றது. "உதை ஏன் இப்ப கிளறுறாய்?"

"தெரியுமோ, இல்லையோ?"

"ஓம்." அம்மா யன்னலைப் பார்த்தா. அது சாத்தியிருந்தும் குரலைத் தாழ்த்தினா. "கனடாவுக்கு அனுப்புறன் எண்டு காசு வாங்கின ஏஜென்ற், எக்குவடோரில குவயாகில் எண்ட இடத்தில கொண்டுபோய் விட்டிட்டு மறைஞ்சிட்டான். இருபத்திநாலு வயசு அப்பாவுக்கு. சந்தையில வாழைக்குலை சுமந்தவர். அங்க குலை வித்த மனிசி ஒருத்தி, கார்மென் எண்டு பேர், தன்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வைச்சிருந்தவ. பதினொரு மாசம். பாஷையும் அவதான் பழக்கினது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அகதிக் கேஸில அப்பிடி எழுதேல்லை பிள்ளை. கொழும்பிலயிருந்து நேர வந்ததெண்டுதான் எழுதினது. ஏஜென்ற் சொல்லித் தந்த ரூட். ஹியரிங்கிலயும் அதைத்தான் சொன்னவர். பிறகு அதுதான் எங்கட ரூட். எனக்கே கலியாணம் கட்டிப் பத்து வருசத்துக்குப் பிறகுதான் சொன்னவர்."

"அம்மா, நீங்கள் சிற்றிசன் எடுத்து எத்தனை வருசம்!"

"அதுக்கு? தந்தவன் திருப்பி வாங்க மாட்டானோ? நீ அந்த நாட்டுக்குப் போக, ஆரும் உன்ர பேரைப் பார்த்து அப்பான்ர பேரைத் தேடினால்? மனுசன் நாலு மாசமும் நித்திரை கொள்ளேல்லை."

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கேஸ் இருந்தது, அது எனக்குத் தெரியும். ஹியரிங் முடிந்த பிறகும் அதற்குள்ளேயே ஒருவர் முப்பது வருடம் குடியிருக்கலாம் என்று தெரியாது. கதவடியில் நீங்கள் எப்போதும் வைத்திருந்த பத்திரக் கோப்பு, சொல்லாமல் யாராவது மணி அடித்தால் நீங்கள் எழும்பாமல் எங்களை அனுப்பியது, இதெல்லாம் உங்கள் குணம் என்று நினைத்திருந்தேன்.

அம்மா இணைப்பை வெட்டாமல் மேசை லாச்சிக்குள் வைத்திருந்த உங்கள் போனைச் சார்ஜ் போட்டேன். நீங்கள் எங்களை விட்டுப் போன அந்தக் கிழமை அதிலிருந்த எல்லாருக்கும் நானும் தம்பியும் தகவல் சொன்னோம். ஒருவரை மட்டும் விட்டுவிட்டோம். "பிளம்பர்." பிளம்பருக்கு எதற்குச் சாவுச் செய்தி? இப்போதுதான் எண்ணைப் பார்த்தேன். 593 என்று தொடங்கியது. எக்குவடோர். நான் அங்கிருந்த நான்கு மாதமும் அம்மா எனக்கு எடுக்க முதலில் சுழற்றிய அதே நாட்டு இலக்கம்.

அதற்குக் கீழே தவறிய அழைப்புகள். பதினொன்று. எல்லாம் நீங்கள் போன பிறகு வந்தவை.

"அடிக்கேக்க பேரைப் பார்த்திட்டு நான் நினைச்சன், பேஸ்மென்ற் பைப்பு விசயமாக்கும் எண்டு" என்றா அம்மா. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிரிக்கவும் முடியவில்லை.

அடுத்த நாள் காலை, உங்கள் போனிலிருந்தே அந்த எண்ணுக்கு எடுத்தேன். ஒருதரம்தான் மணி அடித்தது.

"சிவா! மகனே! எட்டு மாதம்! என்னோடு என்ன கோபம் உனக்கு?"

நான் கொப்பி கொப்பியாக எழுதிப் பாடமாக்கிய ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. "நான் அவருடைய மகள்" என்றேன். அதிலேயே அவவுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் சொல்லத்தானே வேண்டும்? சொன்னேன். அந்த மொழியை நான் எதற்காகப் படித்தேன் என்று நினைத்திருந்தேன்? வேலைக்கு, பயணத்துக்கு. இதற்கு என்று யார் நினைத்தது?

அழுகை அடங்கியதும் கேட்டா: "கடைசியாக என்ன சாப்பிட்டான்?"

"சூப். இரண்டு கரண்டி."

"சூப் முதலில். நான் பழக்கினது." மூக்கை உறிஞ்சினா. பிறகு சொன்னா: "நீ இன்னும் அப்படியே ஒல்லியாகத்தான் இருக்கிறாயா, மி ரெய்னா?"

வாழைக்காய்ச் சீப்போடு வந்த அதே அம்மா, அப்பா.

நாலு மணித்தியாலம் பஸ் ஏறி வந்தாவாம். நீங்கள்தான் முகவரி கொடுத்தீர்களாம். "என்ர பிள்ளை அங்கே தனியாக இருக்கிறாள். ஒருக்காப் போய்ப் பாருங்கள். சாப்பிடுகிறாளா என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். நீங்கள் யாரென்று சொல்ல வேண்டாம்" என்றீர்களாம். லூசியா அன்ரியிடமும் அந்த அம்மா சத்தியம் வாங்கினாவாம்.

என்னோடு பேசாமல் இருந்த நாட்களில்தானே இதைச் செய்தீர்கள்? அன்று சாப்பாட்டு மேசையில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் நான் வாயடைத்துப் போயிருப்பேனே. ஏன் சொல்லவில்லை? மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்ல முடிந்தது, எனக்கு முடியாமல் போனதா? அந்தப் பிள்ளைக்குச் சோறு தீத்தும்போதாவது அந்த மொழியை வாய்விட்டுப் பேச உங்களுக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்?

இதையெல்லாம் எழுத வேண்டாம் என்றுதான் அம்மா சொன்னா. "பேப்பரில போடாதை பிள்ளை. கேஸ் இருக்கு."

"இனி அப்பாவை ஆர் அம்மா திருப்பி அனுப்புறது?" என்று கேட்டேன். அம்மா சிரித்தா. சிரித்துக்கொண்டே அழுதா.

வருகிற மார்கழியில் அம்மாவையும் மாயாவையும் கூட்டிக்கொண்டு குவயாகிலுக்குப் போகிறேன். அந்த வாசலில் நின்று, நான் யார் பிள்ளை என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன். போனில் இருந்த பிளம்பரை அழித்து, கார்மென் என்று அவவின் சொந்தப் பெயரில் பதிந்துவிட்டேன். நாங்கள் எப்படிக் கனடாவுக்கு வந்தோம் என்று மாயா ஒருநாள் கேட்பாள். யாழ்ப்பாணம், கொழும்பு, குவயாகில், ரொறன்ரோ என்று ஓர் ஊரும் விடாமல் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உலகம் தெரியாத உங்கள் மூத்த மகள்