ஆறாம் பக்கத்தில் எஸ்தரின் பல்

திங்கள்

தூறல். மொட்டை மாடித் துணி நனைந்துவிட்டது.

உறுதியானது: என் மனைவி எஸ்தருக்கு இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. பல மாத வலி. ஆதாரம்: எங்கள் போட்டிப் பத்திரிகை, ஆறாம் பக்கம். எழுதியவன் அதன் இளம் நிருபன் தணிகை.

ஷூ கம்பெனிப் பெண்களின் பல் சொத்தை பற்றிய செய்தி. பெயர் இல்லை, 'தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண்'. அடுத்த வரி: "வீட்டுக்காரரு ஊர் சேதியெல்லாம் எழுதுவாரு. எம் பல்லு அவருக்கு சேதியில்ல." ஆம்பூரில் மனைவியை ஷூ கம்பெனிக்கு அனுப்பும் நிருபர் நான் ஒருவன்தான்.

மூன்றாம் பத்தி நன்றாக இருக்கிறது. வேலைக்கு நடுவே இனிப்பு டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது. சர்க்கரை எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லை அரிக்கிறது. தெளிவு. நான் இன்னும் சுருக்கமாக எழுதியிருப்பேன். எழுதவில்லை.

மாலை, எஸ்தரிடம் கேட்டேன்.

"அவன்கிட்ட சொல்லத் தெரியுது. எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"அந்தத் தம்பி கேட்டுச்சு, சொன்னேன்."

"இன்னா கேட்டான்?"

"எந்தப் பக்கம் மெல்றீங்க அக்கான்னு."

இத்தனை வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. மேலும்: என்னை அண்ணே என்கிறவன் இவளை அண்ணி என்றுதானே சொல்ல வேண்டும்? அக்காவாம்.

செவ்வாய்

வெயில். வேலைகள்: மின் கட்டணம். சலவைக்காரர். மிருதுவான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட்.

எஸ்தரைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தணிகையின் செய்தியில் வந்த அதே டாக்டர். வேறு யாரிடமும் வர மாட்டாளாம்.

டாக்டர் சின்னப் பெண். வாய்க்குள் கண்ணாடியை விட்டதும் கை நின்றது.

"ஈறு வெந்திருக்கே. என்னம்மா வெச்சீங்க?"

எஸ்தர் என்னை ஒரு தரம் பார்த்தாள். "சொல்யூஷன்."

ஷூவில் தோலை ஒட்டுகிற பசை. பஞ்சில் தொட்டுக் குழியில் வைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் மரத்துப்போகுமாம்.

"லைன்ல எல்லாரும் வெப்போம் டாக்டரம்மா. டார்கெட் முடியணுமே."

"வலிதான் மரத்துச்சு. சொத்தை உள்ள போய்க்கிட்டே இருந்திருக்கு. மொதல்லயே வந்திருந்தா அடைச்சு அனுப்பியிருப்பேன். இப்ப நரம்பைத் தொட்டுடுச்சு."

வீக்கம் வடிய மாத்திரை. காலையிலும் படுக்கும் முன்பும் பல் துலக்க வேண்டும், பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது.

எனக்கு முதலில் தோன்றியது, இங்கே மட்டும் எழுதுகிறேன்: சொல்யூஷன் விஷயம் தணிகையின் செய்தியில் இல்லை.

பஸ்ஸில் எஸ்தர்: "இதை எழுதிடாதீங்க. மொத்த லைனும் மாட்டும்."

"மத்தவங்களும் வெக்கிறாங்களே?"

"அவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் சொல்யூஷன் பற்றி இரண்டு பத்தி டைப் அடித்து வைத்தேன்.

புதன்

புழுக்கம். தாலுகா அலுவலக வாசலில் தணிகை.

"அண்ணே, அக்காவுக்கு ஈறு ஆறிடுச்சா?"

"பல்லுன்னு சொல்லு."

"ஈறுதாண்ணே. சொல்யூஷன் வெச்சு வெந்திருந்துச்சே. அன்னிக்கே சொன்னேன், இனிமே வெக்காதீங்கன்னு. எழுதாதப்பான்னாங்க, விட்டுட்டேன்."

கையில் இருந்ததை விட்டிருக்கிறான். அவன் வயதில் நான் விட்டிருக்க மாட்டேன். இந்த வயதிலும்.

இரண்டு பத்தியையும் அழித்தேன். நல்ல பத்திகள். அவனுடையதைவிட.

சாப்பாட்டின்போது கவனித்தேன். வலப்பக்கமாகவே மெல்கிறாள். ரசம் சூடாக இருந்தால் தலையைச் சாய்க்கிறாள்.

"இன்னா அப்பிடிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"தணிகை தம்பி ஃபோன் பண்ணுச்சு. நாளைக்கு டாக்டர்கிட்ட வண்டியில கொண்டு விடட்டுமான்னு கேக்குது."

"நீ இன்னா சொன்ன?"

"சொல்றேன்னேன்."

நிலுவை: நாளை வியாழன், காலை பதினொரு மணி, எக்ஸ்ரே. வேர் தாங்கினால் ரூட் கேனல், இல்லாவிட்டால் பிடுங்க வேண்டும். பல் நிற்குமா என்பது படம் பார்த்த பிறகு. யார் கூடப் போவது என்று எஸ்தர் இன்னும் சொல்லவில்லை.