அலையைப் பார்க்காத மூன்று பேர்

என் ஆசை அத்தான்,

அங்கேயும் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருக்கிறீர்களா? இங்கே லிவர்மோர் கோயில் மடப்பள்ளியில் என் புளியோதரைக்கு இன்னும் வரிசை நிற்கிறது. குறை சொல்லத்தான் ஆள் இல்லை.

உங்கள் ஜப்பான் படத்தை உங்கள் மகன் ரகு தன் அபார்ட்மென்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். "காலண்டருக்கா இம்மாம் பெரிய சட்டம்?" என்று நான் கேலி செய்த அதே படம். மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றியது என்று என் கழுத்தைப் பிடித்துக் காட்டினீர்கள். உச்சி வானத்தில் அடர்ந்த நீலம், இறங்க இறங்கக் கரைந்து வெறும் தாளாகிவிடும். மரத்தின் ரேகையே கடலில் நீரோட்டமாக ஓடும். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்த நானே கேலியை விட்டுவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

கரையில் ஓலைத்தொப்பி போட்ட மூன்று பேர் கடலுக்கு முதுகைக் காட்டி நடக்கிறார்கள். பின்னால் ஓர் அலை எழுகிறது. "அலை வர்றது நமக்குத் தெரியுது மாப்ள, அவங்களுக்குத் தெரியல. அதான் அழகு" என்றீர்கள்.

அந்தப் படத்தில் இருப்பது போலவே பாறை இருக்கும் ஒரு கரையை ரகு தேடிப் பிடித்தான். அங்கேதான் உங்கள் அஸ்தியைக் கரைத்தோம். கரைத்ததும் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்தார். நடந்தோம்.

"மாமா, அந்த போர்டு பாருங்க. கடலுக்கு பேக் காட்டாதீங்கன்னு வார்னிங் போட்டிருக்கு."

"அட, நம்ம சாமி மாதிரி இதுவும் மரியாதை கேக்குதாடா?"

சிரித்து முடிக்கவில்லை. அலை சத்தமே இல்லாமல் வந்தது. ரகுவைச் சாய்த்து உள்ளே இழுத்தது. அவன் ஜாக்கெட் என் கையில் சிக்கியது. பேஜர் கடலோடு போனது, பிள்ளை மிஞ்சினான். நனைந்து வந்ததற்கு அக்காவிடம் மழை என்று சொன்னோம்.

அத்தான், அது நீங்கள்தானா?

வருகிற ஞாயிறு உங்கள் முதல் வருஷத் திதி. அதே பாறையில் நின்றுதான் ரகு எள்ளும் தண்ணீரும் விடுவானாம். "அப்பாவோட பிக்சர் உள்ளயே நாம நிக்கிற மாதிரி இருக்கும் மாமா. பியூட்டிஃபுல், இல்ல?" என்கிறான். நேற்று அவன் வீட்டில் அந்தப் படத்தின் முன்னால் நின்றேன். அலை முன்பைவிடக் கிட்டே வந்திருப்பதுபோல் இருந்தது. என் கண்தான் கெட்டுவிட்டதா?

நானும் போகிறேன். அவன் திரும்பிப் பார்க்காமல் நடக்கட்டும், பிள்ளைக்கு அதுதான் முறை. மச்சினனுக்கு ஒரு முறையும் கிடையாது. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கடலை முறைத்தபடியே பின்னால் அடி வைத்து வருவேன். நீங்கள் வந்தால் எள்ளை வாங்கிக்கொண்டு போங்கள். அவனைத் தரமாட்டேன்.

உங்களைக் கேலி செய்ய உரிமையுள்ள ஒரே ஆள்,
உங்கள் பெண்டாட்டியின் தம்பி