நீங்கள் சொன்னது ‘இரி’

ஒக்கலிபுரத்து வீட்டிலிருந்து, என் பிரியமான அப்பாவுக்கு,

மில் சங்கு இப்போதும் விடியலில் ஊதுகிறது. அதைக் கேட்டுத்தான் அம்மா அடுப்பு மூட்டுகிறாள். நாளை தொழிலாளர் சங்கத்தார் மில் வாசலில் உங்கள் படத்தைத் திறக்கிறார்கள்.

வேலைநிறுத்தத்தின்போது அதே வாசலில்தான் போலீஸ் உங்களைச் சுட்டுக் கொன்றது. கூட்டத்தைப் பார்த்து நீங்கள் “எறி, எறி” என்று கத்தியதாகத் தமிழ்க் கான்ஸ்டபிள் ஒருவர் விசாரணையில் சாட்சி சொன்னார். சுட்டது சரி என்று முடிவானது. உங்களோடு நின்றவர்கள் சிறைக்குப் போனார்கள். நாங்கள் மில் குடியிருப்பை விட்டு வெளியேறினோம்.

இப்போது அதே சொல்லுக்கு மாலை. “உங்கப்பா மாதிரி எறின்னு சொல்ல இன்னிக்கு எவன்க்கா இருக்கான்? நீங்க நாலு வார்த்த பேசணும்” என்றார் சங்கச் செயலாளர். தலையாட்டிவிட்டேன்.

அப்பா, எறி என்றா சொன்னீர்கள்? நான் கதை படித்துக் காட்டும்போது முடிவை முந்திச் சொல்லப் போனால், “இரி, இரி” என்று கன்னடத்தில்தானே தடுப்பீர்கள்? பொறுங்கள் என்பதற்கு உங்கள் வாயில் வேறு சொல் வந்ததே இல்லை.

மில்லில் உங்களுக்கு அடுத்த தறியில் நின்ற நஞ்சப்பா மாமாவிடம் போனேன். அன்று குண்டு பட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“ஒரு கல்லு போச்சும்மா. ஒடனே ஒங்கப்பா ரெண்டு கையும் தூக்கி, ‘இரி, இரி’ன்னு நம்ம ஆளுங்களத்தான் தடுத்தாரு.”

“அப்பவே சொல்லக் கூடாதா மாமா?”

“என்ன யாரு கேட்டா? விசாரிச்சவங்களுக்குக் கன்னடம் வேணாமாயிருந்துச்சு.”

அம்மாவிடம் சொன்னேன். “கல்லெறியச் சொன்னவன் பொண்டாட்டின்னு பேசின ஊரு, இப்பதான் மால போடுது. அதையும் கெடுக்காதடி” என்றாள். அவள் சொல்வதும் எனக்குப் புரிகிறது. பொறு என்றவனுக்கு யார் படம் திறப்பார்கள்?

ஆனால் நீங்கள் எறி என்றதாக நாமே ஒப்புக்கொண்டால், சுட்டவர்களுக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்தது போலாகாதா? கை தூக்கித் தடுத்தவரைச் சுட்டார்கள் என்பதல்லவா நடந்தது?

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் நாளை நஞ்சப்பா மாமாவை மேடையேற்றி, அந்தச் சொல்லை அவர் வாயாலேயே சொல்ல வைப்பேன். மாலை வேண்டுமா என்று அதைக் கேட்டபின் அவர்கள் முடிவு செய்யட்டும்.

அதுவரை இரி, அப்பா.

முடிவை முந்திச் சொல்லிவிடும்
உங்கள் மகள் தனம்