டாக்டர் கோர்தோவாவின் காரணங்கள்

ஜூன் 2, திங்கள்

இன்றும் எழுபது தாள் மடித்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் மையை மிச்சம் பிடித்திருக்கிறார். 'டாக்டர் கோர்தோவாவின் அறிவியல் கணிப்பு' என்ற தலைப்பில் 'அறிவியல்' மட்டும் சரியாக விழவில்லை. அதுதான் நியாயம்.

டாக்டர் கோர்தோவா என்று ஒருவர் கிடையாது. இப்போலித்தோ மாமா இருக்கிறார் – அம்மாவின் தம்பி, 'ஒரு வாரம் தங்கிட்டுப் போறேன்' என்று வந்து இரண்டு வருடமாக எங்கள் பின்னறையில் இருப்பவர். அவருடைய கினிப்பன்றி இருக்கிறது. நான் இருக்கிறேன். மூவரும் சேர்ந்தால் ஒரு டாக்டர்.

வேலை நடப்பது இப்படி: மாமா மூன்று அட்டைப் பெட்டிகளைக் கவிழ்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாசல் வெட்டி வைத்திருக்கிறார். ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு ஒன்று உள்ளூர் அணி, ஒன்று வந்த அணி, ஒன்று சமன். நடுவில் கினிப்பன்றியை விட்டுக் கை தட்டுவார். அது எந்தப் பெட்டிக்குள் ஓடுகிறதோ அதுதான் முடிவு. தாளில் அந்தப் பெயருக்கு எதிரே ஓர் அம்புக்குறி போடுவார். பிறகு என்னைப் பார்ப்பார்.

"யார் ஜெயிப்பாங்கன்னு அது சொல்லிடுச்சு. ஏன் ஜெயிப்பாங்கன்னு நீ எழுது. படிக்கிற புள்ளதானே?"

ஆறு வாரமாகக் கவனிக்கிறேன். அது எப்போதும் அடுப்புப் பக்கத்துப் பெட்டிக்குத்தான் ஓடுகிறது. குளிருகிறது, அவ்வளவுதான். இந்தத் தாளை ஒரு சோல் கொடுத்து வாங்கிக்கொண்டு பந்தயக் கடைக்கு ஓடுகிறவர்களைவிட அதற்கு மூளை அதிகம்.

நான் ஏன் எழுதுகிறேன்? காசுக்கு அல்ல. என் வாக்கியங்களை அச்சில் பார்க்க. பதின்மூன்று வயதில் வேறு யார் அச்சடித்துத் தருவார்கள்?

அம்மாவிடம் சொல்லவில்லை. மாலையில் நான் நூலகத்தில் இருப்பதாக நினைக்கிறாள். நூலகத்தில்தான் இருக்கிறேன். நாடுகளைப் பற்றி வேறெங்கே படிப்பது?

ஜூன் 3

சந்தையில் ஒருவர், அர்மேனியா ஆப்பிரிக்காவில்தானே என்று மாமாவிடம் கேட்டார். ஆமாம் என்றார் மாமா. இருவரும் திருப்தியாகப் பிரிந்தார்கள்.

ஜூன் 5, வியாழன்

அடுத்த செவ்வாய் பின்லாந்தும் கிரீஸும். பின்லாந்தில் நடக்கிறது. நட்பு ஆட்டம். அந்த இரண்டு நாட்டு மக்களே பார்ப்பார்களா என்பது சந்தேகம். எங்கள் ஊர் வான்காயோவில் மட்டும் எழுபது பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

கினிப்பன்றி பின்லாந்துக்குள் ஓடியது. (அடுப்பு.)

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். இதுவரை எழுதியதில் இதுதான் சிறந்தது. இங்கே பிரதி எடுத்து வைக்கிறேன்:

'ஜூன் மாத இரவில் பின்லாந்தின் புல் கண்ணாடிபோல் உடையும். ஆலிவ் மரங்களுக்கு நடுவே வெயிலில் வளர்ந்த கிரேக்கரின் கால்கள் அரைமணி நேரத்தில் மரத்துப்போகும். பந்து எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது.'

கண்ணுக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது! மாமா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நல்லா நீளமா இருக்கு" என்றார். கழுதைக்குப் புத்தகம் வாசித்துக் காட்டிய மாதிரி.

ஜூன் 6, வெள்ளி

பத்து மணிக்குள் எழுபதும் தீர்ந்து, மேலும் நாற்பது அடித்தார்கள்.

பள்ளி விட்டுச் சந்தை வழியாக வந்தேன். இறைச்சிக் கடை கசில்தா அக்கா, கத்தியை நிறுத்தாமல் எதிர்க்கடைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"நம்ம ஊர்லயே விடியக்காலம் கொழாத்தண்ணி ஐஸாயிடுது. அது உலகத்தோட உச்சந்தலைடி. அங்க இப்ப எப்பிடி இருக்கும்னு நெனச்சுப் பாரு. கிரேக்கன் பாவம், காலு எங்க இருக்குன்னே தெரியாம ஓடுவான்."

என் வாக்கியத்தை உடைத்து, திருப்பி, கெடுத்துவிட்டாள். ஆனாலும் என்னுடையது. இந்தக் கூட்டத்தை நான் மதிக்கவில்லை. பிறகு ஏன் அவள் கடை முன்னால் அவ்வளவு நேரம் நின்றேன்?

ஜூன் 7, சனி

மனசு சரியில்லை.

அம்மா ஜூஸ் கடையில் ஆரஞ்சு பிழிந்துகொண்டிருந்தாள். பிழியும் கருவிக்குப் பக்கத்தில் அந்தத் தாள். நாலாக மடித்தது – நான் மடித்தது.

"இந்த டாக்டர் என்னமா எழுதறார் பாத்தியா?" என்றாள்.

அம்மா இதுவரை பந்தயமே கட்டியதில்லை. மாமாவையும் அவர் கினிப்பன்றியையும் கரித்துக் கொட்டுவாள். இன்று சொன்னாள்: கூரை போட்ட வரிசையில் ஒரு கடை காலியாகிறதாம். வெட்டவெளியில் பனியில் நிற்க வேண்டாம். ஆனால் அதற்குக் கட்டணம் இரண்டு மடங்கு. இந்த வருடம் இப்போதைய கடையின் உரிமத்தைப் புதுப்பிப்பதற்கான பணம் மட்டும்தான் கையில் இருக்கிறது. பதினைந்தாம் தேதிக்குள் சந்தைச் சங்கத்தில் கட்ட வேண்டும். அதைப் பின்லாந்தின் மேல் வைத்தால் –

"மாமா பேச்ச நம்பாதேம்மா," என்றேன்.

"அவன் பேச்ச யாரு நம்பினா? இது படிச்சவங்க எழுதினது. தெரியுதில்ல."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அடுப்பு, அட்டைப் பெட்டி, எல்லாவற்றையும். சொல்லவில்லை. ஏன்? 'படிச்சவங்க' என்றாளே, அதை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

எப்படியும் பின்லாந்து ஜெயிக்கும். குளிர் உண்மைதானே?

ஜூன் 9, திங்கள்

குளிர் உண்மை இல்லை.

பள்ளியில் சூரிய விழாவுக்கு நடன ஒத்திகை. ஆசிரியை வழக்கம்போலச் சொன்னார்: "வருடத்திலேயே குட்டையான பகல். சூரியன் நம்மை விட்டு ரொம்பத் தூரம் போயிருக்கும். அதைத்தான் ஆடித் திரும்பக் கூப்பிடறோம்." ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டேன்.

தூரம் என்றால் எங்கே போயிருக்கிறது?

வடக்கே. பின்லாந்துக்கு.

நம் ஊர் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, இங்கே குளிர்காலம் என்றால் அங்கே இப்போது கோடை. இரவே வராத கோடை. மார்ச் மாதம் வகுப்பில் இதையே ஆரஞ்சில் குச்சி குத்திக் காட்டி இருபதுக்கு இருபது வாங்கினேன்! கசில்தா அக்கா தன் தோல் சொன்னதை நம்பினாள். அவள் பள்ளிக்குப் போனதில்லை. எனக்கு என்ன சாக்கு? நானும் என் மூக்கு சில்லிட்டதை வைத்து உலகத்தை எழுதியிருக்கிறேன். கினிப்பன்றியாவது எழுதவில்லை.

முதலில் மாமாவிடம் ஓடினேன். அவர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"வெயிலோ பனியோ, யாராவது ஒருத்தன் ஜெயிப்பான்ல? காரணம் எதுக்குத் தெரியுமா? கையில இருக்கற காசு சுலபமா கழலணும், அதுக்கு. அது கழலுது. நீ நல்லாத்தான் எழுதற."

இதைவிட மோசமாக யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

சந்தைக்குப் போனேன். அம்மா கண்ணாடித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பின்லாந்து மேல பணம் கட்டாதே."

"மத்தியானமே கட்டிட்டேன்."

"டாக்டர் கோர்தோவான்னு யாரும் இல்லம்மா."

"தெரியும்."

"அது நான்தான்."

"அதுவும் தெரியும் டெல்மி. உன் மாமனுக்கு அவன் பேரையே நேரா எழுத வராது. கண்ணுக்குத் தெரியும் காலுக்குத் தெரியாதுன்னு இந்த ஊர்ல வேற யாரு எழுதுவா?"

"அப்புறம் ஏம்மா கட்டின?"

"நீ எழுதினதுனாலதான்."

அங்கே கோடை என்று சொன்னேன். ஆசிரியை சொன்னது, ஆரஞ்சு, குச்சி, எல்லாம் கொட்டினேன். அம்மா ஒரே தம்ளரைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"சரி. கோடையிலயும் ஜெயிக்கலாம்ல. அவங்க ஊருதானே."

என்னைச் சமாதானப்படுத்தினாள். என்னை!

ஜூன் 10, செவ்வாய்

மத்தியானம் பள்ளி விட்டதும், மின்சாமான் கடை வாசலில் கூட்டத்தோடு நின்று டிவியில் பார்த்தேன். அங்கே இரவு பத்து மணி என்றார்கள். வெயில். ஜனங்கள் கையில்லாத சட்டையில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். கோல்காப்பாளர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்.

"ராத்திரிங்கறான், என்ன இந்த வெயிலு?" என்றாள் கசில்தா அக்கா.

"அது லைட்டு," என்றார் மாமா. "பணக்கார நாடு."

ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சூரியனையே லைட்டு என்று நம்பத் தயாராக இருக்கும் மனிதர்கள்.

கிரீஸ் இரண்டு கோல். பின்லாந்து ஒன்றுமில்லை. கிரேக்கரின் கால்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

முடிந்ததும் நடுவரைத் திட்டினார்கள். பிறகு புல்லைத் திட்டினார்கள். ஒருவர்கூட டாக்டரைத் திட்டவில்லை. வெள்ளிக்கிழமைத் தாள் எப்போது வரும் என்று கேட்டார்கள்.

கடைக்குப் போய் நான்தான் சொன்னேன். அம்மா, "ம்" என்றாள். வாடிக்கையாளர் ஒருவர் பப்பாளி கேட்டார், வெட்டிக் கொடுத்தாள்.

ஜூன் 13

மாமா கினிப்பன்றியைப் பொரித்துத் தின்றுவிட்டார். குற்றவாளி கிடைத்துவிட்டதாம். புதிதாக இரண்டு வாங்கி வந்திருக்கிறார்.

ஜூன் 16, திங்கள்

சங்கத்தில் அம்மா பத்து நாள் தவணை கேட்டாள். தலைவர் தாடையைச் சொறிந்துகொண்டே, "எல்லாருக்கும் ஒரே விதிதான் ஃபெலிசித்தா" என்றாராம். அவருடைய சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் இருந்ததை அம்மா பார்த்தாள்.

எங்கள் கடையில் இப்போது ஒருவர் போன் உறை விற்கிறார். தம்ளர்களெல்லாம் வீட்டில், என் கட்டிலுக்கு அடியில்.

அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் தேவலை.

ஜூன் 20, வெள்ளி

இனிமேல் எழுத மாட்டேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவரே காரணம் எழுதினார். முழுதும் இது: 'உருகுவே ஜெயிக்கும். ஏன்னா நல்ல டீம்.' அதிலும் மூன்று எழுத்துப் பிழை.

எழுபதும் விற்றுவிட்டது.

பத்து மணிக்கு முன்பே.

ஆக, என் ஆலிவ் மரம், என் கண்ணாடிப் புல், எதையும் யாரும் வாங்கவில்லை. நாடு பெயரையும் அம்புக்குறியையும்தான் வாங்கினார்கள். இத்தனை வாரத்தில் வாக்கியத்துக்காகப் பணம் வைத்தவள் ஒரே ஒருத்தி.

ஜூன் 23

அம்மா ஒரு தள்ளுவண்டி வாடகைக்கு எடுத்திருக்கிறாள். சூடான மூலிகைத் தண்ணீரும் ரொட்டியும். சுமைகூலிக்காரர்களும் நர்ஸுகளும் குடிப்பார்கள்.

"பஸ் ஸ்டாண்டு பக்கம் போடட்டுமா, ஆஸ்பத்திரி வாசல்ல போடட்டுமா?" என்று கேட்டாள். மாமாவிடம் அல்ல. என்னிடம்.

உடனே வாயில் வந்துவிட்டது – பஸ் ஸ்டாண்டு, ஏனென்றால் பயணம் போகிறவர்களுக்கு... ஏனென்றால்! நாக்கைக் கடித்துக்கொண்டேன். "நாளன்னிக்குச் சொல்றேம்மா," என்றேன்.

ஜூன் 25, புதன்

நேற்றும் இன்றும் ஐந்தரை மணிக்கு எழுந்து போனேன். நேற்று பஸ் ஸ்டாண்டு, இன்று ஆஸ்பத்திரி வாசல். பள்ளி மணி அடிக்கும்வரை நின்று, நடந்து போகிறவர்களையும், அவர்களில் கையில் எதுவும் இல்லாமல் போகிறவர்களையும் எண்ணினேன். பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அதிகம், ஆனால் எல்லாரும் ஓடுகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் குறைவு. ஆனால் நிற்கிறார்கள், இரவு வேலை முடிந்தவர்கள் கையை ஊதிக்கொண்டு நிற்கிறார்கள்.

வந்து அம்மாவிடம் சொன்னேன்: "ஆஸ்பத்திரி வாசல். ஆனா ரெண்டு நாள்தான் பாத்தேன், அதுவும் ஏழே முக்கால் வரைக்கும்தான். அதுக்கு மேல எப்பிடின்னு எனக்குத் தெரியாது."

அம்மா ரொட்டிக் கூடையை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள். "ஏழே முக்காலுக்கு மேல நான் பாத்துச் சொல்றேன்."