மான்கள் இளைத்த வருடம்

2024 பிப்ரவரி 12, திங்கள்
ஃபாரஸ்ட் வாட்சர் நாகேஷ் இன்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு மூன்றாவது வெளிமானைக் கொண்டுவந்தார். மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கம் மைசூர் மைன்ஸ், அதன் குட்டைப் பக்கம் கிடந்ததாம். எலும்பின்மேல் தோல். ஆனால் வயிறு நிறையப் புல். தின்றுகொண்டே இளைத்துச் செத்திருக்கிறது.

“எல்லாம் அந்த சயனைடு மண்ணுதாம்மா” என்றார், தங்கம் பிரித்த கழிவு மேட்டைச் சொல்லி. மமதா டாக்டர் குடலை அறுத்தார். உள்ளே தடித்து, மடிப்பு மடிப்பாக. என் கையிலிருந்த குப்பி நழுவி உருண்டது.

பிப்ரவரி 13
ஏன் நழுவியது என்று நேற்று எழுதவில்லை. எங்கள் ஆடுகளும் அந்தக் குட்டையில்தான் குடிக்கும்; போன வருடம் எங்கள் பட்டியில் இரண்டு செம்மறிகள் இப்படித்தான் செத்தன. “வயித்துப் பூச்சிதான்” என்று என் வீட்டுக்காரர் டென்சிலிடம் சொன்னது நான். கால்நடை ஆஸ்பத்திரியில் பதினோரு வருட வேலை எனக்கு. பூச்சியாம்!

பிப்ரவரி 26
ரிசல்ட் வந்தது. விஷம் இல்லை, ஜோனிஸ் நோய். டாக்டர் நாகேஷுக்கு விளக்கினார்: நோயுள்ள ஆட்டின் புழுக்கையில் கிருமி இருக்கும், ஈர மண்ணில் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும், மான்குட்டி அங்கே வாய்வைத்தால் போதும். வெளியே தெரிய வருடக்கணக்காகும். மருந்து கிடையாது.

“அந்தக் குட்டைக்கு யாரு ஆடு வருது?” என்று கேட்டார் டாக்டர்.

நாகேஷ் என்னைப் பார்த்தார். பார்த்தாரா?

பிப்ரவரி 27
சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 4
சொல்லவில்லை. பெங்களூரில் கட்டட வேலையில் விழுந்து இடுப்பொடிந்து வந்தபின் டென்சில் ஒன்றரை வருடம் சுவர் பார்த்துப் படுத்திருந்தார். எழுப்பியது இந்த ஆடுகள்தான். முப்பத்து நான்கு. ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருக்கிறார். ஆடுகளைப் பறித்தால் மறுபடி அந்தச் சுவரா?

மார்ச் 9
குட்டைக்கு வரும் எல்லா மந்தையிலும் புழுக்கை எடுத்துவரச் சொன்னார் டாக்டர். நான் ஊரிகம் போனேன். அங்கே மாணிக்கராஜ் குட்டைக்கு விடாமல் கட்டிவைத்தே வளர்க்கும் ஆடுகளிடம் எடுத்து, குப்பியில் டென்சில் பேரை எழுதினேன்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு
கோயிலில் பாட்டு வரவில்லை. நேற்று ரிப்போர்ட். எந்த மந்தையிலும் நோய் இல்லை.

“அப்போ எங்கிருந்துதான் வருது, வினோலியா?”

“தெரியல மேடம்.”

இன்னா பொழப்பு இது. இனி வாய் திறந்தால் வேலை போச்சு. திறக்காவிட்டால் — மான்கள்.

ஏப்ரல் 18
ஐந்தாவது மான். சினை. “ஓட முடியாம நாயிங்ககிட்ட மாட்டிக்கிச்சும்மா” என்று சொல்லி நாகேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் டென்சிலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் கேட்டார்:

“என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?”

“நீங்க மறுபடி படுத்துக்குவீங்களோன்னு பயமா இருந்துச்சு.”

“படுப்பேனா மாட்டேனான்னு நான் சொல்லணும், வினோ.”

ஏப்ரல் 19
டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “ஆறு வாரம், வினோலியா. ஆறு வாரமா ஆடும் மானும் அங்கதான் குடிச்சிட்டு இருக்குது” என்றார். எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

மே 6
முப்பத்து நான்கில் பதினொன்றுக்கு நோய். டென்சிலே ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பிடித்துக் கொடுத்தார். கொன்று புதைத்த குழிவரை போனார். நான் போகவில்லை.

மே 7
வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். விசாரணையாம்.

ஜூலை 15
குட்டைக் கரைக்கு ஆடு போகாமல் வேலி போட்டாயிற்று. ஆனாலும் நேற்று ஆறாவது மான். முன்பே கிருமி ஏறியவை இன்னும் சாகும் என்றார் நாகேஷ். அதை எந்த வேலி தடுக்கும்?

மிச்ச ஆடுகள் இப்போது வீட்டுப் பின்னால் கட்டுத்தறியில். இன்று மறுபடி நோய் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்க என் இடத்துக்கு வந்த புதுப் பெண் வந்தாள். டென்சில் கோடையிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு கிடா திமிறியது.

“வினோ, வந்து இதைப் புடி” என்றார்.

போய்ப் பிடித்தேன்.