மாட்டுப்பட்டி ஓரம் அப்பாவுக்கு ஓர் இடம்

ஜொகனஸ்பர்க் சுரங்கம்

அன்புள்ள அம்மாவுக்கு, மக்காயா வணங்கி எழுதுவது. நான் நலம், இருமல் கொஞ்சம் தேவலை. இதைப் படித்துக்காட்டப் பாதிரியாரிடம் கொடுத்துவிடாதீர்கள். தங்கை நோம்சா படிக்கட்டும்.

அப்பா பேச்சு மூச்சில்லாமல் கிடப்பதாக ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். கோயில் கல்லறையில்தான் அடக்கம் என்று பாதிரியாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்களாம். வேண்டாம் அம்மா. நம் வழக்கப்படி மாட்டுப்பட்டி ஓரத்தில், தாத்தா பக்கத்திலேயே புதையுங்கள்.

இங்கே கொட்டடியில் என் பக்கத்துப் படுக்கைக்காரன் ந்துலி சிரித்துக்கொண்டே தன் ஊர்க் கதை ஒன்றைச் சொன்னான்.

"நிலம் அளக்க வந்த துரை, 'உங்க நிலம்னா உங்க ஆளுங்க சமாதி எங்க, காட்டுங்க'ன்னு கேட்டான். பழைய மாட்டுப்பட்டியையெல்லாம் உழுது பாதிரி சோளம் போட்டாச்சு. ஞானஸ்நானம் வாங்கிச் செத்தவங்க எல்லாம் கோயில் வேலிக்குள்ள. நிலத்தைக் கோயில் பேருக்கே எழுதிட்டான். நம்ம பொணத்தை நாமளே தூக்கிட்டுப் போய்க் கொடுத்திருக்கோம்டா. இப்ப எங்க ஊர்ல நாங்க குடிக்கூலிக்காரங்க."

அப்பாவின் ஆத்துமாவுக்காக எங்கே நின்றும் ஜெபிக்கலாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நம் வீட்டு மூக்குப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். சிவலைப் பசு கன்று போட்டுவிட்டதா?

சங்கு ஊதுகிறது, கீழே இறங்க வேண்டும். அப்பா பக்கத்தில் எனக்கும் ஒரு குழி விட்டுவையுங்கள். இங்கே செத்தால் உடலைத் தரமாட்டார்கள். என் பழைய போர்வையைப் போட்டு மூடி, மேலே கல்லை அடுக்கிவிடுங்கள். அளக்க வருகிறவன் தோண்டியா பார்க்கப் போகிறான்?

உங்கள் மகன்
மக்காயா